நந்தன் முதல் கிந்தன் வரை: யார் மாற வேண்டும்?

கைப்பேசியில் வெப் சீரிஸ் பார்க்காத மாணவர்கள் இன்று குறைவு. அவற்றில் ஒரு வகை உண்டு. சிரிக்கவும் வைக்கும், கண் கலங்கவும் வைக்கும். நாயகனோ நாயகியோ "நான் யார்?" என்று குழம்புவார். ஒவ்வொரு சீசன் தொடக்கத்திலும் "இனிமேல் நான் வேறு ஆள்" என்று உறுதி எடுப்பார். தடுக்கி விழுந்து, அடிபட்டு, கடைசியில் ஒரு படி மேலே நிற்பார். 2020 முதல் 2023 வரை நெட்ஃபிளிக்ஸில் நான்கு சீசன் ஓடிய 'நெவர் ஹேவ் ஐ எவர்' இந்த வகைதான். அமெரிக்காவில் வளரும் தமிழ்க் குடும்பத்துப் பெண் தேவியின் கதை அது. கனடாவில் பிறந்த ஈழத்தமிழ்ப் பெண் மைத்ரேயி ராமகிருஷ்ணன் தேவியாக நடித்தார். நம் பிள்ளைகளும் விரும்பிப் பார்த்தார்கள்.

பார்க்கட்டும், சிரிக்கட்டும். ஆனால் இந்த வகைக் கதைகள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது: உன் பிரச்சினைக்குத் தீர்வு உன்னை நீ மாற்றிக்கொள்வதில் இருக்கிறது. இது அமெரிக்காவிலிருந்து வந்த புதுச் சரக்கு என்று நினைத்துவிட வேண்டாம். நம் சிதம்பரத்தைச் சுற்றியே இந்தக் கதை பல நூற்றாண்டுகளாகச் சொல்லப்பட்டு வருகிறது. கதாகாலட்சேபமாக, நாடகமாக, சினிமாவாக, கடைசியில் நகைச்சுவையாகவும் சொல்லப்பட்டிருக்கிறது. கதையின் நாயகன் நந்தன். அவனுடைய நகைச்சுவைத் தம்பி கிந்தன். இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், "மாற வேண்டியது யார்?" என்ற கேள்விக்கு நம் சமூகம் என்னென்ன பதில் சொல்லி வந்திருக்கிறது என்பது தெரியும். அந்தப் பதில்களின் வரலாறுதான் இந்தக் கட்டுரை.

ஆதனூர்க்காரர்

சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோயில் போகும் சாலையில் இருக்கிறது குமராட்சி. தெற்கே கொள்ளிடம், மேற்கே வீராணம் ஏரி, நடுவில் நெல் வயல்கள். பெரியபுராணம் நந்தனின் ஊரை மேற்கா நாட்டு ஆதனூர் என்று சொல்கிறது. காட்டுமன்னார்கோயில் வட்டத்தில் கொள்ளிடக் கரையில் இருக்கும் ஆதனூர்தான் அது என்பது இந்தப் பக்கத்து மக்களின் வழக்கு. அதாவது நந்தன் நம் பக்கத்து ஊர்க்காரர்.

எட்டாம் நூற்றாண்டில் சுந்தரர் அடியார்களின் பெயர்ப் பட்டியலில் திருநாளைப்போவார் என்று பெயரை மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு நம்பியாண்டார் நம்பி கொஞ்சம் விவரம் சேர்த்தார். 12-ஆம் நூற்றாண்டில் சோழர் அரசில் உயர் பதவியில் இருந்த சேக்கிழார்தான் முழுக் கதையையும் எழுதினார். அதில் நந்தன் புலைப்பாடியில் வாழ்பவர். கோயில் பேரிகைகளுக்குத் தோலும் வாரும் கொடுப்பவர், யாழுக்கும் வீணைக்கும் நரம்பு கொடுப்பவர். அவர் கொடுத்த தோலில் எழுந்த ஓசை கருவறை வரைக்கும் போகும். அவர் போக முடியாது. திருப்புன்கூரில் வெளியே நின்று பார்த்தவருக்காக நந்தி விலகியது என்பது கதை. சிதம்பரம் போக ஆசைப்பட்டு, போனாலும் உள்ளே விட மாட்டார்களே என்று தயங்கி, "நாளைப் போவேன்" என்று நாளைத் தள்ளிக்கொண்டே இருந்தார். அதனால்தான் அந்தப் பெயர்.

கடைசியில் தில்லைக்கு வருகிறார். இறைவன் அவர் கனவிலும் தில்லை அந்தணர் கனவிலும் தோன்றுகிறார். தெற்கு மதிலுக்கு வெளியே தீ வளர்க்கப்படுகிறது. நந்தன் அதில் இறங்குகிறார். எழும்போது பூணூல் அணிந்த முனிவராக எழுகிறார். அதன் பிறகுதான் கோயிலுக்குள் போகிறார்.

இந்த முடிவை நிதானமாக யோசித்துப் பாருங்கள். நந்தி விலகியது, கடவுள் கனவில் வந்தார், ஆனால் வாசலில் இருந்த விதி ஒரு அங்குலம்கூட நகரவில்லை. உள்ளே போனவர் புலைப்பாடி நந்தன் அல்ல. அந்த உடம்பு வெளியிலேயே எரிந்துவிட்டது. 'தன்னை உயர்த்திக்கொள்வது' என்பதற்கு நம் பண்பாடு கொடுத்த முதல் பெரிய காட்சி இதுதான்: நீ நீயாக இருக்கும் வரை இடமில்லை, வேறு ஆளாகி வா.

பண்ணையாள் நந்தன்

சேக்கிழாரின் கதையில் நந்தனுக்கு முதலாளி கிடையாது. அந்த முதலாளியைக் கொண்டுவந்தவர் கோபாலகிருஷ்ண பாரதியார். மாயவரம் பக்கத்து ஆனந்ததாண்டவபுரத்தில் இருந்தவர். அவருடைய 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை' 1861-இல் அச்சானது. காரைக்காலில் இருந்த பிரெஞ்சு அதிகாரி ஒருவர் அது வெளிவர உதவினார். இந்தக் கதையில் நந்தன் ஒரு வேதியரின் பண்ணையாள். சிதம்பரம் போக உத்தரவு கேட்கிறான். வேதியர் மறுக்கிறார், ஏசுகிறார், வயல் வேலை முழுவதையும் முடித்துவிட்டுப் போ என்கிறார். சிவகணங்கள் வந்து வேலையை ஓர் இரவில் முடித்துக் கொடுக்கின்றன.

இது ஏன் 1861-இல் வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். அடிமைமுறையை இனி எந்த நீதிமன்றமும் அங்கீகரிக்காது என்று 1843-இல் கம்பெனி அரசு சட்டம் போட்டது. அடிமையை வாங்குவதும் விற்பதும் குற்றம் என்ற இந்தியத் தண்டனைச் சட்டம் 1860-இல் நிறைவேறி 1862-இல் நடைமுறைக்கு வந்தது. காகிதத்தில் அடிமை இல்லை. காவிரிப் பாசன வயல்களில் பண்ணையாள் இருந்தான். லீவு கேட்டால் முதலாளி என்ன சொல்வார் என்பது பாரதியார் காலத்தில் எல்லோரும் பார்த்த காட்சி. புராணத்துக்குள் அந்தக் காட்சியைக் கொண்டுவந்ததால்தான் அந்தக் கீர்த்தனை ஊர் ஊராகப் பரவியது. பாமர மக்கள் அழுதார்கள். மீனாட்சிசுந்தரம் பிள்ளை போன்ற புலவர் முதலில் இலக்கணப் பிழை பார்த்துச் சிறப்புப்பாயிரம் தரத் தயங்கி, பிறகு பாட்டைக் கேட்டு உருகிக் கொடுத்தார்.

பாரதியார் செய்த நல்லது இது. இன்னொன்றையும் செய்தார். அவருடைய நந்தன் சேரி மக்களுக்குப் புத்தி சொல்கிறான். அவர்களுடைய சாமிகளை விடச் சொல்கிறான், பலியை விடச் சொல்கிறான். சேரியின் பெரிய கிழவனோடு அவனுக்கு வாக்குவாதம் நடக்கிறது. மேடையில் இந்தப் பகுதிகள்தான் கூட்டத்தைச் சிரிக்க வைத்தன. யாரைப் பார்த்துச் சிரித்தார்கள்? சேரியைப் பார்த்து. வீரனையும் காட்டேரியையும் கும்பிடுகிறவர்களைப் பார்த்து. பக்திக்கு அழுகை, சேரிக்குச் சிரிப்பு என்று மேடை பிரிந்துவிட்டது.

கதையின் முடிவில் வேதியர் மனம் மாறி நந்தன் காலில் விழுகிறார். இது பெரிய மாற்றம்தான். ஆனாலும் தீ அணையவில்லை. முதலாளியே காலில் விழுந்த பிறகும் நந்தன் தீக்குள் இறங்கித்தான் ஆக வேண்டும். ஒரு ஆளின் மனம் மாறுவது வேறு, வாசல் மாறுவது வேறு என்பதை பாரதியாரின் கதை தனக்குத் தெரியாமலே சொல்லிவிட்டது.

மன்னன் நந்தன்

இதற்கு நேர் எதிரான பதிலைச் சொன்னவர் பண்டிதர் அயோத்திதாசர். 1907-இல் 'தமிழன்' இதழைத் தொடங்கி 1914-இல் இறக்கும் வரை நடத்தியவர். அவர் எழுதிய 'இந்திரர் தேச சரித்திர'த்தில் நந்தன் ஒரு மன்னன், பௌத்தன். வேஷப் பிராமணர்களைக் கேள்வி கேட்டதால் சூழ்ச்சியால் கொல்லப்பட்டவன்.

இதை ஆவணச் சான்றாகப் படிப்பதா என்று சிலர் கேட்பார்கள். அயோத்திதாசர் மாற்றியது கேள்வியையே என்பதுதான் இங்கே முக்கியம். "இந்தப் புலையன் எப்படி உயர்ந்தான்?" என்று எல்லோரும் கேட்டபோது, "இவன் எப்படித் தாழ்த்தப்பட்டான்?" என்று அவர் கேட்டார். 'தாழ்ந்தவர்' வேறு, 'தாழ்த்தப்பட்டவர்' வேறு. நடுவில் இருக்கும் 'த்தப்பட்ட' என்பதில் செய்தவன் ஒருவன் ஒளிந்திருக்கிறான். முதலிலேயே மன்னனாக இருந்தவனுக்குச் சுய முன்னேற்றம் எதற்கு? பறித்ததைத் திருப்பிக் கேட்டால் போதும்.

திரையில் நந்தன், ரயிலடியில் நந்தன்

சினிமா வந்தது. 1935-இல் 'பக்த நந்தனார்'. கே.பி. சுந்தராம்பாள் நந்தனாராக ஆண் வேடத்தில் நடித்தார், அதற்கு அவர் வாங்கிய சம்பளம் 1 லட்சம் ரூபாய். வேதியராக நடித்தவர் சங்கீத வித்வான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர். படம் ஓடவில்லை. 1942-இல் ஜெமினி நிறுவனம் மறுபடி எடுத்தது. தண்டபாணி தேசிகர் நந்தனார், செருகளத்தூர் சாமா வேதியர். இது ஓடியது, பாட்டுகள் ஊரெங்கும் ஒலித்தன.

இந்தப் படங்கள் வந்த காலம் காந்தியின் ஹரிஜன இயக்கக் காலம். 1932-இல் ஹரிஜன சேவா சங்கம் தொடங்கப்பட்டது. குடிக்காதே, செத்த மாட்டைத் தின்னாதே, குளி, சுத்தமாக இரு என்ற அறிவுரைகள் சேரிகளுக்கு வந்தன. குடிக்காமல் இருப்பது நல்லதுதான், அதை நம் தலைவர்களும் சொன்னார்கள். ஆனால் குடிக்காத, குளித்த, பூசிய ஒருவனையும் தேநீர்க் கடையில் தனிக் குவளையில்தான் கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அதே 1930-களில் புதுமைப்பித்தன் 'புதிய நந்தன்' என்றொரு சிறுகதை எழுதினார். களம் அதே ஆதனூர். சேரிக் கிழவன் கருப்பன், சுயமரியாதைக்காரனாகித் திரும்பிய அவன் மகன், காங்கிரஸ்காரனான அக்ரகாரத்து இளைஞன். காந்தி வரும் ரயில் வருகிறது. தண்டவாளத்தில் நிற்கும் கிழவனைக் காப்பாற்ற இருவரும் பாய்கிறார்கள். மூவரும் ரயிலில் அடிபட்டுச் சாகிறார்கள். சீர்திருத்தம் என்ற ரயில் யாரை ஏற்றிக்கொண்டு போகிறது, யார் மேல் ஏறிப் போகிறது என்ற கசப்பான கேள்வியோடு அந்தக் கதை நிற்கிறது.

ரயிலேறிய கிந்தன்

அந்த ரயிலில் ஒருவன் டிக்கெட் வாங்கி ஏறினான். அவன்தான் கிந்தன்.

கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு அதிகம் தெரியாது. 1908-இல் நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்தவர். வறுமையால் பள்ளிப் படிப்பு நின்று, நாடகக் கம்பெனிக்குப் போனவர். லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் தண்டனை பெற்று, பிரிவி கவுன்சில் வரை போராடி 1947-இல் வெளியே வந்தார். 1949-இல் வெளிவந்த 'நல்லதம்பி' படத்துக்குக் கதை வசனம் அறிஞர் அண்ணா, இயக்கம் கிருஷ்ணன்–பஞ்சு. அதில் கலைவாணர் ஒரு கதாகாலட்சேபம் செய்கிறார். பெயர் 'கிந்தனார்'. எழுதியவர் உடுமலை நாராயணகவி.

நந்தனார் காலட்சேபத்தின் அதே நடை, பாகவதரின் அதே நிற்பு, அதே ராகப் போக்கு. கதை மட்டும் தலைகீழ். கிந்தன் சேரிப் பையன். அவனுக்குச் சிதம்பரம் போக ஆசை இல்லை, சென்னைப் பட்டணம் போய்ப் படிக்க ஆசை. அங்கே வேதியர் மறித்தார், இங்கே வாத்தியார் அடித்து விரட்டுகிறார். கிந்தன் ரயிலேறுகிறான். ரயிலைப் பற்றி ஒரு பாட்டு வருகிறது: வேதம் ஓதுகிறவரையும் பள்ளர் பறையரையும் ஒரே பெட்டியில் ஏற்றிக்கொண்டு போகிற ரயிலைப் பற்றி. கிந்தன் படிக்கிறான், பள்ளிக்கூடங்களை மேற்பார்வையிடும் அதிகாரியாகிறான், அந்த வாத்தியாரின் முன்னாலேயே வந்து நிற்கிறான்.

என்ன செய்தார் கலைவாணர்? முதலில், தீயை எடுத்துவிட்டார். அந்த இடத்தில் பள்ளிக்கூடத்தை வைத்தார். நந்தன் எரிந்து வேறு ஆளாகி உள்ளே போனான். கிந்தன் கிந்தனாகவே போய் கிந்தனாகவே திரும்பினான். அடுத்து, சிரிப்பின் திசையைத் திருப்பினார். பாரதியாரின் மேடையில் கூட்டம் சேரிக் கிழவனைப் பார்த்துச் சிரித்தது. கலைவாணரின் மேடையில் கூட்டம் வாத்தியாரைப் பார்த்துச் சிரித்தது. நகைச்சுவையில் அரசியல் இருக்கிறதா என்று கேட்கிறவர்கள் இதைப் பார்க்க வேண்டும். யாரை நோக்கிச் சிரிக்கிறோம் என்பதுதான் நகைச்சுவையின் அரசியல்.

காலத்தையும் கவனியுங்கள். 1947-இல் சென்னை மாகாணத்தில் கோயில் நுழைவு அனுமதிச் சட்டம் வந்தது. 1948-இல் வெளிவந்த தீண்டப்படாதோர் பற்றிய தன் நூலை டாக்டர் அம்பேத்கர் நந்தனார், ரவிதாஸ், சோகாமேளா ஆகிய மூவரின் நினைவுக்குக் காணிக்கையாக்கினார். 1949 நவம்பரில் அரசியல் சட்டம் ஏற்கப்பட்டது. தீண்டாமை ஒழிக்கப்பட்டது என்று 17-ஆவது பிரிவு சொன்னது. அந்த ஆண்டில்தான் கிந்தன் ரயிலேறினான். அந்த நம்பிக்கை பொய்யல்ல.

ஆனாலும் கிந்தனிடம் ஒரு குறை உண்டு. அவன் தனியாக ஏறினான். அவன் சேரியில் மீதி இருந்த பிள்ளைகளை யார் பள்ளிக்கு அழைத்துப் போனது? சென்னையில் அவன் எங்கே தங்கினான், யார் சோறு போட்டது, கட்டணம் யார் கட்டினார்? விடுதி இல்லாமல், உதவித்தொகை இல்லாமல் ஒரு பண்ணையாள் வீட்டுப் பையன் எப்படிப் படிப்பான்? காலட்சேபத்துக்கு இந்தக் கணக்கு தேவையில்லை. வாழ்க்கைக்குத் தேவை. அந்தக் கணக்கைப் போட்டவர் கிந்தனுக்கு 33 ஆண்டுகள் முன்பே சிதம்பரத்தில் இருந்தார்.

ஓமக்குளத்துப் பள்ளிக்கூடம்

சுவாமி சகஜானந்தர். இயற்பெயர் முனுசாமி. 1890-இல் ஆரணி பக்கத்து மேல்புதுப்பாக்கத்தில் பிறந்தவர். திண்டிவனத்தில் மிஷன் பள்ளியில் படித்தார். வியாசர்பாடி கரபாத்திர சுவாமிகளிடம் சீடராகி, சகஜானந்தர் என்ற பெயரோடு 1910-இல் சிதம்பரம் வந்தார். 1916-இல் நந்தனார் பெயரில் கல்விக் கழகமும் பள்ளியும் தொடங்கினார்.

இடம் ஓமக்குளம். நந்தன் தீயில் இறங்கிய இடம் என்று மக்கள் சொல்லும் இடம். எரித்த இடம் என்று சொல்லப்பட்ட இடத்திலேயே அவர் எழுத்துப் பலகையைக் கொண்டுவந்து வைத்தார். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

அவர் நந்தன் பெயரை விடவில்லை. நந்தனை நாயனாராகவே மதித்தவர் அவர். அயோத்திதாசர் வழியிலிருந்து இதில் வேறுபட்டார். காங்கிரசோடும் காந்தியோடும் அவருக்கு இருந்த நெருக்கத்தை விமர்சிக்கிறவர்கள் நம்மிலேயே உண்டு. விமர்சிக்கலாம். ஆனால் அவர் 'நீ மாறு' என்று உபதேசம் மட்டும் செய்துவிட்டுப் போகவில்லை. பள்ளி கட்டினார், பிள்ளைகள் தங்கிப் படிக்க வழி செய்தார், பெண் பிள்ளைகளையும் சேர்த்தார். 1926-இல் சட்டமன்ற மேலவைக்குப் போனார். பிறகு சட்டமன்ற உறுப்பினராக 1959-இல் இறக்கும் வரை நம் மக்களின் படிப்புக்காகவும் நிலத்துக்காகவும் பேசினார். துறவி சட்டமன்றத்துக்கு ஏன் போக வேண்டும்? கல்வி என்பது தனி ஒருவன் தவத்தில் கிடைப்பதல்ல, அரசின் பட்ஜெட்டில் கிடைப்பது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இன்று சிதம்பரத்தில் நந்தனார் பெயரில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் அரசு மேல்நிலைப்பள்ளிகள் இருக்கின்றன. குமராட்சி, காட்டுமன்னார்கோயில், புவனகிரி பக்கத்துச் சேரிகளில் முதல் தலைமுறையாகப் படித்த எத்தனையோ பேரின் சான்றிதழில் அந்தப் பெயர் இருக்கும். கதையில் நந்தன் ஒருவர்தான் உள்ளே போனார். பள்ளிக்கூடத்து நந்தன் ஆயிரக்கணக்கானவர்களை உள்ளே கொண்டுபோனார்.

பானையை உடைத்த மாணவன்

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். எல். இளையபெருமாள். 1924-இல் காட்டுமன்னார்கோயிலில் பிறந்தவர். அவர் படித்த காலத்தில் பள்ளியில் தண்ணீர் குடிக்க நம் பிள்ளைகளுக்குத் தனிப்பானை. மாணவன் இளையபெருமாள் அந்தப் பானையை உடைத்தார். மறுபடி வைத்தார்கள், மறுபடி உடைத்தார். கடைசியில் தனிப்பானை போனது.

கிந்தன் கெட்ட வாத்தியாரை விட்டுச் சென்னைக்குப் போனான். இளையபெருமாள் அதே பள்ளியில் இருந்துகொண்டு பானையை உடைத்தார். கிந்தன் போன பிறகும் அந்தப் பள்ளியில் அடுத்த பையன் அடி வாங்கியிருப்பான். பானை உடைந்த பிறகு அடுத்த பையன் பொதுப்பானையில் தண்ணீர் குடித்தான். தன் முன்னேற்றத்துக்கும் சமூக மாற்றத்துக்கும் உள்ள வேறுபாட்டைச் சமூகவியல் வகுப்பில் நாங்கள் பக்கம் பக்கமாகப் படித்தோம். அந்தப் பானை அதை எளிதாகச் சொல்லிவிடும்.

அந்த மாணவன் 1952-இல் நாடாளுமன்ற உறுப்பினரானார். 1965-இல் மத்திய அரசு அமைத்த தீண்டாமை பற்றிய குழுவுக்குத் தலைவரானார். 1969-இல் அறிக்கை கொடுத்தார். பரம்பரை அர்ச்சகர் முறை ஒழிய வேண்டும் என்று அந்த அறிக்கை பரிந்துரைத்தது. அடுத்த ஆண்டே தமிழ்நாடு சட்டமன்றத்தில் அதற்கான சட்டத் திருத்தம் வந்தது. நந்தனை வெளியே நிறுத்தியது எது? கருவறைக்கு யார் பொறுப்பு என்பதைப் பிறப்பால் தீர்மானிக்கும் முறை. பல நூற்றாண்டுகள் கழித்து ஆதனூர்ப் பக்கத்து ஆள் ஒருவர் அந்த முறை மீதே கை வைத்தார். தீக்குள் இறங்க வேண்டியது நந்தன் அல்ல, அந்த விதி என்று அந்த அறிக்கை சொன்னதாகவே நான் படிக்கிறேன்.

அந்தக் குழு வேலை செய்துகொண்டிருந்தபோதுதான், 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசையில் வைத்து எரிக்கப்பட்டார்கள். தீக்குள் போனவர் தூயவராகத் திரும்பி வருவார் என்பது புராணம். வெண்மணித் தீயிலிருந்து யாரும் திரும்பி வரவில்லை. தீயை அழகாக்கிக் காட்டும் எந்தக் கதையையும் கேட்கும்போது இந்தத் தேதியை நினைத்துக்கொள்ளுங்கள்.

நாற்காலி மாறியதா?

இதெல்லாம் பழைய கதை என்று சொல்ல முடியுமா? 2020-இல் நம் கடலூர் மாவட்டம், புவனகிரி ஒன்றியம், தெற்குத்திட்டை ஊராட்சியில் என்ன நடந்தது? தேர்தலில் வென்று ஊராட்சித் தலைவரான பட்டியல் சாதிப் பெண் மன்றக் கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்டார். மற்றவர்கள் நாற்காலியில். படம் வெளியே வந்த பிறகுதான் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கு, கைது, நடவடிக்கை எல்லாம்.

அந்தப் பெண் தன்னை எந்த விதத்தில் இன்னும் மாற்றிக்கொண்டிருக்க வேண்டும்? வேட்புமனு போட்டார், ஓட்டுக் கேட்டார், ஜெயித்தார், பொறுப்பேற்றார். அவர் செய்ய வேண்டிய மாற்றம் எதுவும் பாக்கி இல்லை. பாக்கி இருந்தது நாற்காலிப் பக்கத்தில்.

தில்லைக் கோயிலின் தெற்கு வாசலும் அப்படித்தான். நந்தன் வந்த வழி என்று சொல்லப்படும் அந்த வாசலில் வழியை மறித்து நிற்கும் சுவரை எடுக்க வேண்டும் என்று 2010-இல் தீண்டாமை ஒழிப்பு முன்னணி சிதம்பரத்தில் போராடியது. கதையில் நந்தி விலகியது. நிஜத்தில் சுவர் விலகுவதற்குப் போராட வேண்டியிருக்கிறது.

மாணவத் தோழர்களே, தம்பி தங்கைகளே, உங்களை நீங்கள் வளர்த்துக்கொள்ள வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. படியுங்கள். ஆங்கிலம் கற்றுக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ளுங்கள். போட்டித் தேர்வு எழுதுங்கள். கிந்தன் மாதிரி அதிகாரியாகித் திரும்பி வாருங்கள், அந்த வாத்தியார் முன்னால் நில்லுங்கள். சகஜானந்தர் விரும்பியதும் அதைத்தான். ஆனால் "நான் உயர்ந்துவிட்டால் சாதி என்னைத் தொடாது" என்று எந்த சீரிஸ் சொன்னாலும், எந்த ஊக்கப் பேச்சாளர் சொன்னாலும், தெற்குத்திட்டையில் தரையில் உட்கார வைக்கப்பட்ட அந்தத் தலைவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை ஒரு தொடரோ படமோ பார்க்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள். இந்தக் கதையில் மாறச் சொல்லப்படுகிறவர் யார்? மாறாமலே இருக்க அனுமதிக்கப்படுகிறவர் யார்? நாம் யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்? நந்தன் கதைக்கும் கிந்தன் கதைக்கும் நடுவில் உள்ள தூரம் இந்த மூன்று கேள்விக்கான பதிலில்தான் இருக்கிறது.

பிறகு கைப்பேசியை வைத்துவிட்டு உங்கள் ஊரைச் சுற்றிப் பாருங்கள். ஆதிதிராவிடர் நல விடுதியில் எத்தனை பேருக்கு இடம், எத்தனை பேர் இருக்கிறார்கள், கழிப்பறை இருக்கிறதா? உதவித்தொகை நேரத்துக்கு வருகிறதா? உங்கள் ஊராட்சித் தலைவர் எந்த நாற்காலியில் உட்காருகிறார்? பள்ளியில் கக்கூஸ் கழுவச் சொல்வது யாரை? கேளுங்கள், எழுதுங்கள், மனுக் கொடுங்கள், கூட்டம் போடுங்கள். பானைகள் இன்னும் பல இடத்தில் இருக்கின்றன, வேறு வேறு வடிவத்தில். அவற்றை உடைப்பதும் நம் படிப்பின் ஒரு பகுதிதான்.

நந்தன் நாளை, நாளை என்று காத்திருந்தார். நாம் இன்றைக்கே போவோம், அதுவும் கூட்டமாக.

ஜெய்பீம்.